வெயிலில் சரிந்து விழுந்த பீமனும் அவனுடைய கரகரத்த குரைப்பும்

வேலூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் ஒன்பது வயது லாப்ரடார் ஆண் நாய் ஒன்று இருக்கிறது. அதற்கு பீமன் என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்வோம். எடை 41 கிலோ. எட்டு மாதக் குழந்தை வீட்டில் இருப்பதால், நாய் முடி குழந்தைக்கு மூச்சுக் கோளாறு உண்டாக்கும் என்று அஞ்சிய மாமனார், காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை பீமனை மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட கூண்டுக்கு வெளியே சங்கிலியில் கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் கோட்டைப் பக்கம் நடக்க அழைத்துச் சென்றபோது, பத்தாவது நிமிடத்தில் பீமன் பின்னங்கால்கள் துவள உட்கார்ந்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், குளிர்ந்த நீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று தடுத்ததால், நனைத்த தடித் துண்டு ஒன்றைப் போர்த்தி, அரை பாரசிட்டமால் மாத்திரையையும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றான், இரவு தயிர்ச்சாதமும் சாப்பிட்டான், ஆகவே மருத்துவரிடம் போகவில்லை. இப்போது வாசகி கேட்பவை: முடியை ஒட்ட வழித்துவிடலாமா, அவனுக்காக ஏ.சி. போட்டால் அறையிலிருந்து வெளியே வரும்போது உடம்புக்கு வருமா, 'தெரு நாய்க்கெல்லாம் வெயில் ஒன்றும் செய்வதில்லையே' என்னும் மாமனாருக்கு என்ன பதில் சொல்வது, ஏலகிரியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கே பீமனை அனுப்பிவிடுவதா. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், 'சில மாதங்களாகக் குரைப்பு தொண்டை கட்டிய மாதிரி இருக்கிறது, தண்ணீர் குடித்தால் இருமுகிறான், வயதாகிவிட்டது போலும்' என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். உங்களுடைய நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்தக் கரகரப்புதான் இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அதை விளக்குவதற்கு முன், நாய் எப்படித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நமக்கு உடம்பு முழுவதும் வியர்க்கிறது. வியர்வை காய்ந்து ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. நாய்க்குக் குறிப்பிடும்படி வியர்ப்பது பாதங்களின் அடியில் மட்டும்தான், அது உடம்பின் சூட்டைத் தணிக்கப் போதாது. ஆகவே அது நாக்கைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கும் மேல்கூட மூச்சிரைத்து, வாய், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தை ஆவியாக்கித் தன் ரத்தத்தைக் குளிர்விக்கிறது. ஓய்வில் இருக்கும் நாய் நிமிடத்துக்குப் பத்திலிருந்து முப்பது முறைதான் மூச்சு விடும் என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது புரியும். அந்த உழைப்பே உடம்புக்குள் மேலும் சூட்டை உண்டாக்குகிறது. மூச்சுப் பாதை தாராளமாக இருக்கும் வரை இந்தக் கணக்கில் வரவு அதிகம், செலவு குறைவு. பாதையில் எங்காவது இடைஞ்சல் வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் நாமே 'பரவாயில்லை, இன்று வெயில் குறைவு' என்று சொல்லும் நாளில்கூடச் சுருண்டு விழுவது இதனால்தான். சென்னையில் கடற்காற்றின் ஈரப்பதத்தால் ஆவியாதல் மந்தப்படுகிறது. உங்கள் வேலூரில் காற்று வறண்டிருந்தாலும், மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே செய்தியே அல்ல. நாயின் உடல் வெப்பத்தைவிடச் சுற்றியுள்ள காற்றே சூடாக இருக்கும்போது, மூச்சு ஒன்றுதான் அதற்கு மிச்சமிருக்கும் வழி.

அந்தக் கரகரப்பு

நடுவயதைக் கடந்த லாப்ரடார்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு கோளாறு, குரல்வளையைத் திறந்து மூடும் தசைகள் மெல்லச் செயலிழப்பது. லாரிஞ்சியல் பராலிசிஸ் என்று மருத்துவர் எழுதுவார். மூச்சை இழுக்கும்போது குரல்வளையின் இரண்டு பக்கக் குருத்தெலும்புகளும் கதவுகளைப் போல விலக வேண்டும். அவற்றை இயக்கும் நரம்பு பழுதுபட்டால் கதவுகள் பாதி மூடியபடியே நின்றுவிடும். முதலில் மாறுவது குரைப்பு. கணீரென்று இருந்தது கரகரப்பாகும். பிறகு தண்ணீர் குடிக்கும்போதும் சாப்பிடும்போதும் இருமல் வரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது ரம்பம் அறுப்பதைப் போன்ற ஓசை கேட்கும். பல நாய்களில் பின்னங்கால் நரம்புகளும் கூடவே பலவீனப்படும், நகங்கள் தரையில் உரசும். பீமன் முதலில் பின்னங்கால் துவண்டு உட்கார்ந்தான் என்று நீங்கள் எழுதியிருப்பது வெறும் களைப்பாகவும் இருக்கலாம், இதன் பகுதியாகவும் இருக்கலாம்.

குளிர்காலத்தில் இப்படிப்பட்ட நாய் சமாளித்துவிடும், வீட்டாருக்கும் 'வயதாகிவிட்டது' என்ற அளவோடு போய்விடும். சித்திரை பிறந்து மூச்சிரைக்க வேண்டிய தேவை வந்ததும்தான் பாதி மூடிய கதவு உயிர்ப் பிரச்சினையாகிறது. மூச்சை வலிந்து இழுக்க இழுக்கக் குரல்வளை வீங்கும். வீங்க வீங்கப் பாதை இன்னும் குறுகும். அந்தச் சுழலில் பத்து நிமிட நடை போதும், நாய் விழுவதற்கு. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். லேசான மயக்க மருந்து கொடுத்து, குரல்வளையை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். கூடவே மார்பு எக்ஸ்ரேயும், தைராய்டு உட்பட ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் உண்ணி பெருகும். பபேசியா, எர்லிக்கியா கிருமிகளால் ரத்தசோகை கண்ட நாயும் இதேபோல நடையில் சரிந்து விழும், வீட்டார் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

குரல்வளைதான் காரணம் என்று தெரிந்தால், மிதமான நிலையில் எடைக் குறைப்பு, வெப்பத் தவிர்ப்பு, பரபரப்பைக் குறைத்தல் ஆகியவற்றைக் கொண்டே பல நாய்கள் நன்றாக வாழ்கின்றன. முற்றிய நிலையில் ஒரு பக்கக் குருத்தெலும்பை நிரந்தரமாகத் திறந்தபடி இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. மூச்சு எளிதாகும். ஆனால் திறந்தே இருக்கும் கதவு வழியாக உணவோ நீரோ நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும் அபாயம் ஆயுள் முழுவதும் கூடவே வரும். இதையெல்லாம் முடிவு செய்ய, சென்னை வேப்பேரியில் இருக்கும், 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற, சிறப்பு மருத்துவர்கள் உள்ள இடம் நல்லது. ஆனால் அது இரண்டாம் படி. முதல் படி உங்கள் ஊர் மருத்துவர்.

அதுவரை இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். மார்பைச் சுற்றிப் போடும் பாடி பெல்ட் வாங்குங்கள். 41 கிலோ நாய் முன்னே இழுக்க, நாம் பின்னே இழுக்க, அந்த இழுவை முழுவதும் விழுவது சந்தேகத்துக்குரிய அந்தக் குரல்வளையின் மேல்தான். வாய்ப்பூட்டு போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வாய் திறக்க முடியாத நாயால் இரைக்க முடியாது.

அன்று மாலை செய்ததில் சரியும் தவறும்

நீங்கள் நடையை நிறுத்தி நிழலுக்கு இழுத்தது சரி. குளிர்ந்த நீரைத் தடுத்த பக்கத்து வீட்டுக்காரரையும் குறை சொல்லமாட்டேன். ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று அந்தக் காலப் பாடப் புத்தகங்களே சொல்லின. நானும் தொழிலின் முதல் பல ஆண்டுகளில் அதையே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது கருத்து மாறிவிட்டது. கையில் கிடைக்கும் நீர் நாயைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் போதும், உடனே ஊற்ற வேண்டும், முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதே இன்றைய முறை. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் குளிர்ந்த நீரைவிட அதிகத் தீங்கு செய்கிறது.

ஈரத் துண்டைப் போர்த்தியதுதான் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய நேரத்தில், ஈரப் போர்வையில் குழந்தையைப் போலச் சுற்றிய ஒரு நாயைப் பின் இருக்கையில் கிடத்திக்கொண்டு வந்தார்கள். போர்வையை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். இட்லிக் குண்டான் மூடியைத் திறந்ததைப் போல வெக்கை கையில் அறைந்தது. ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 107 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி நின்றது. துணி முதல் ஓரிரு நிமிடங்கள்தான் குளிர்விக்கிறது. பிறகு அதுவே சூடாகி, ஆவி வெளியேறாமல் தடுக்கும் மூடியாகிவிடுகிறது. ஈரத்துணியை நாய்க்கு அடியில் விரிக்கலாம், மேலே போர்த்தக் கூடாது.

பாரசிட்டமாலைப் பற்றி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்து 'காய்ச்சல் அடிக்கிறது' என்று முடிவு கட்டுவதே முதலில் தவறு. இரண்டாவது, காய்ச்சலும் ஹீட் ஸ்ட்ரோக்கும் வேறு வேறு. ஏ.சி.யை நாமே 24-லிருந்து 28-க்கு ஏற்றி வைத்தால் அறை சூடாகும், அது காய்ச்சல். ரிமோட்டைத் தட்டித் திரும்பக் குறைக்கலாம், மாத்திரை செய்வது அதைத்தான். ஏ.சி. 24-லேயே இருக்க, கதவு திறந்து கிடந்து அனல் உள்ளே புகுந்தால், அது ஹீட் ஸ்ட்ரோக். அங்கே ரிமோட்டைத் தட்டி என்ன பயன்? நீங்கள் கொடுத்த அரை மாத்திரை 41 கிலோ உடம்புக்குச் சிறிய அளவு, அதனால் கெடுதல் நேர்ந்திருக்க வாய்ப்பில்லை, மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் அதே பழக்கத்தில் புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். வெப்பத்தால் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் சிறுநீரகத்தையும் குடலையும் அவை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். வீட்டில் பூனையும் இருந்தால், பாரசிட்டமாலில் ஒரு துண்டுகூட அதற்குப் போகக் கூடாது, பூனைக்கு அது விஷம்.

எழுந்து நின்று தயிர்ச்சாதம் சாப்பிட்டான் என்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் எண்ணியதும் இயல்புதான். ஆனால் கடும் வெப்பம் தாக்கிய நாயில் ரத்த உறைவுக் கோளாறும் சிறுநீரகச் சேதமும் ஒரு நாள் கழித்து, சில சமயம் மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ரத்தம் கலந்த கழிச்சல், ஈறிலோ அடிவயிற்றிலோ சிவப்புப் புள்ளிகள், காப்பி நிறத்தில் சிறுநீர், சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஒருமுறை விழுந்த நாய் மறுமுறை இன்னும் எளிதாக விழும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மொட்டை மாடியும் மாமனாரும்

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு திட்டம் எழுதியிருந்தீர்கள்: மாடியில் பச்சை நிற ஷேடு நெட் கட்டி, ஒரு ஃபேனும் வாங்கி, தரையில் கூலிங் மேட் விரிப்பது. அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். நிழல் வலை நேர் வெயிலைக் குறைக்குமே தவிர, சுட்டுக் கிடக்கும் தளத்தின் அனலையும் தகரத்தின் வெக்கையையும் குறைக்காது. உலர்ந்த நாயின் மேல் ஃபேன் காற்று படுவதால் பெரிய பயன் இல்லை, காய்வதற்கு அதற்கு வியர்வை கிடையாது. உடம்பை நனைத்த பிறகே ஃபேன் வேலை செய்யும். ஜெல் மேட்டைப் பொறுத்தவரை, அது சிறிது நேரத்தில் நாயின் சூட்டையே ஏற்றுக்கொண்டு நிற்கும், லாப்ரடாராக இருந்தால் அதற்குள் கடித்தும் முடித்திருக்கும். நீங்களே ஒரு சோதனை செய்யலாம்: மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் மாடிக்குப் போய், புறங்கையைத் தளத்தில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அங்கே பாதங்கள் நிற்கக் கூடாது. முடிந்தால் மாமனாரையும் அழைத்துச் சென்று வைக்கச் சொல்லுங்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் வாதத்துக்குப் பணிவதைவிடக் கை சுட்டால் சீக்கிரம் பணிவார்கள்.

தெரு நாயைப் பற்றிய அவருடைய கேள்வி நியாயமானது, ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். தெரு நாய்க்கு வெயில் ஒன்றும் செய்வதில்லை என்பது சரியல்ல. அதற்குச் சங்கிலி இல்லை, அதுதான் வேறுபாடு. பத்து மணி ஆனதும் அது நிறுத்தியிருக்கும் லாரிக்கு அடியில் போய்விடும், டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவும் ஈரத்தில் படுக்கும், குவித்த மணலைக் காலால் பறித்து அடியில் இருக்கும் குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைக்கும், ஊர் அடங்கிய பிறகே சுற்றக் கிளம்பும். உடம்பும் ஒல்லி. குளிர் கடலோர மீனவர்களோடு வேலை செய்ய உருவான லாப்ரடாருக்கு அடர்ந்த இரட்டை முடி. நம் பீமனுக்கு அதற்கும் மேல் ஐந்து கிலோ கொழுப்பு. ஆண் லாப்ரடார் 36 கிலோவுக்குள் இருப்பது நல்லது. நாட்டு நாய் என்றாலும் கட்டிப்போட்டால் கதை இதேதான். வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாயை வெயிலில் கட்டிவைத்தால் மூக்கும் காதும் வெந்தே போகும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவில், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பதையும், போதிய உணவு, நீர், தங்குமிடம் தராமல் இருப்பதையும் கொடுமை என்றே சொல்கிறது. முதல் முறைக்கான அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்க்குள். இன்று ஒரு இளநீர் விலை. ஆனால் இதை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போகாதீர்கள். அவர் கொடுமைக்காரர் அல்ல, பேரக் குழந்தைக்காகப் பயப்படுகிறவர். அந்தப் பயத்துக்குப் பதில் கிடைத்தால் சங்கிலி தானாக அவிழும். தினமும் பின்கட்டில் வைத்து முடியைச் சீவி எடுப்பது, குழந்தை தவழும் அறைக்குக் கம்பிக் கதவோ குறுக்குத் தடுப்போ போடுவது, பெரியவர் ஒருவர் இல்லாமல் குழந்தையையும் நாயையும் ஒரே அறையில் விடாதிருப்பது, குழந்தையின் மூச்சைப் பற்றி அவளுடைய மருத்துவரிடமே ஒருமுறை கேட்டு அவர் சொல்வதை மாமனார் காதால் கேட்கச் செய்வது, இவை போதும். பீமனுக்கு வீட்டுக்குள் பெரிய இடம் தேவையில்லை. நீங்கள் எழுதிய பின்கட்டு, சிவப்பு ஆக்சைடு தரையோடு, வடக்குப் பார்த்து, ஓட்டு நிழலோடு இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. மெத்தை விரிக்காதீர்கள், வெறும் தரையில் வயிறு படிய அவனே படுத்துக்கொள்வான். ஒன்பது மணியிலிருந்து ஆறு மணி வரை மாடி கிடையாது என்பதில் மட்டும் நான் எந்தச் சமரசத்துக்கும் வரமாட்டேன்.

முடியை வழிப்பதா?

வேண்டாம். 'ஜீரோ கட்' என்று கடையில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நமக்குத் தலை மொட்டையடித்தால் குளிர்ச்சியாக இருப்பது வியர்வை காய்வதால். நாய்க்கு அந்த லாபம் இல்லை. லாப்ரடாரின் முடி குட்டையானது, அது வெயிலைத் தோலில் நேரடியாகப் படாமல் தடுக்கும் கூரை. வழித்தால் தோல் கருகும், சில நாய்களில் முடி திரும்ப ஒழுங்காக முளைப்பதும் இல்லை. செய்ய வேண்டியது, உள்ளே அடைந்து கிடக்கும் செத்த பஞ்சு முடியைச் சீப்பால் வாரி எடுப்பது. கோடையில் ஒரு லாப்ரடாரிடமிருந்து ஒரு தலையணைக்கான முடி வரும், மிகை இல்லை. குளிப்பாட்டினால் வேர் வரை காயவிடுங்கள், ஈரம் தங்கினால் தோலில் புண் வைக்கும். அடிவயிற்றில் மட்டும் முடியைச் சற்றுக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

தண்ணீர், சோறு, ஏ.சி.

நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி நீர் என்பது சாதாரணக் கணக்கு. பீமனுக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர், கோடையில் அதற்கும் மேல். வெயிலில் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் மதியம் இருப்பது வெந்நீர். நிழலில் மண் தொட்டி வையுங்கள், இரண்டு இடங்களில் வையுங்கள். ஐஸ் கட்டி ஒன்றிரண்டு போட்டால் தொண்டை கட்டிவிடாது.

வீட்டுப் பழக்கத்தில் எனக்குப் பயமூட்டுவது ஒன்று உண்டு. உடம்புக்குக் குளிர்ச்சி என்று நீராகாரத்தில் சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு நாய்க்கும் ஊற்றுகிறார்கள். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வெங்காயமும் மிளகாயும் போடாத, நீர்த்த மோர் கொஞ்சம் கொடுக்கலாம். விதை நீக்கிய தர்பூசணி கொடுக்கலாம். திராட்சையும் உலர்திராட்சையும் கூடவே கூடாது, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இருமிக்கொண்டே குடிப்பவனுக்கு எதையும் வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். உணவை அதிகாலையிலும் இரவிலும் வையுங்கள், அளவையும் குறையுங்கள். எடைக் குறைப்பு அவனுக்கு இனி மருந்து.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தால் காய்ச்சல் வராது. 26, 27-ல் வைத்தால் தாராளம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். நாள் முழுவதும் குளிரில் இருக்கும் நாயின் உடம்பு வெயிலுக்குப் பழகுவதே இல்லை, ஆகவே அதை வெளியே கூட்டிச் செல்லும்போது மற்ற நாயைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். அடுத்து, ஜன்னல் சாத்திய அறையில் தனியே விட்டுவிட்டு நீங்கள் வெளியே போயிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த அறையே பொறி. வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் ஏ.சி., இல்லாதபோது பின்கட்டு. வேலூரைப் போன்ற வறண்ட ஊரில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரும் நன்றாகவே வேலை செய்யும், செலவும் குறைவு. சென்னையில் இருந்து எழுதியிருந்தால் இதைச் சொல்லியிருக்கமாட்டேன்.

நடையைப் பொறுத்தவரை, பரிசோதனை முடியும் வரை காலை ஆறு மணிக்கு முன், மலம் சிறுநீர் கழிக்க மட்டும். மாலை ஐந்தரை மணி நமக்கு இதமாகத் தெரியும், ஏனென்றால் நம் தலை தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே இருக்கிறது. அவனுடைய மூக்கு தார்ச் சாலையிலிருந்து இரண்டு அடிக்குள், பகல் முழுவதும் வாங்கிய சூட்டைச் சாலை கக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இருக்கிறது.

ஏலகிரிக்கு அனுப்புவதா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் உங்கள் கையெழுத்து மாறியிருந்தது. அனுப்புவது துரோகம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊரின் காற்று, இப்படி ஒரு நாய்க்குப் பாதி மருத்துவம். ஆனால் இப்போது வேண்டாம். என்ன நோய் என்றே தெரியாத நாயை, அவன் மூச்சின் ஓசை பழகாத ஒரு வீட்டுக்கு அனுப்பினால், அவசர நிலையை அங்கே யார் கண்டுகொள்வார்கள்? மலைப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் வாந்தி எடுக்கும் நாய் என்றால், குரல்வளை சரியாக இயங்காத நிலையில் அந்த வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். மேட்டு நிலத்தில் ஏறி இறங்கும் வீடாக இருந்தால் குளிர்ச்சியால் வந்த லாபம் ஏற்றத்தில் போய்விடும்.

பரிசோதனைக்குப் பிறகு, அறுவை சிகிச்சை வேண்டாம் அல்லது முடியாது என்று முடிவானால், சித்திரை, வைகாசி இரண்டு மாதங்களுக்கு மட்டும் அனுப்புவதைப் பற்றி யோசியுங்கள். உங்கள் நாத்தனாருக்கு நாய் பழக்கம் இருக்க வேண்டும், அருகில் அழைத்தால் வரக்கூடிய மருத்துவர் இருக்க வேண்டும், நீங்கள் முதல் மூன்று நாள் கூடவே தங்க வேண்டும். நிரந்தரமாக அனுப்புவது, வீட்டுச் சண்டையைத் தவிர்ப்பதற்காக என்றால், அதற்குக் குளிர் காற்றைக் காரணம் காட்ட வேண்டாம். பின்கட்டுச் சங்கதி முடிவானால் அந்தச் சண்டையே இருக்காது என்று நினைக்கிறேன்.

மறுபடியும் விழுந்தால்

மதிய நேரத்தில் உங்கள் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது கொதிநீர். ஆகவே தினமும் காலையிலேயே இரண்டு பெரிய வாளிகளில் நீர் பிடித்துக் குளியலறையில் மூடி வையுங்கள். விழுந்தாலோ, இரைப்பு பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, ஈறு செங்கல் நிறமாகவோ நீலமாகவோ மாறினாலோ, தள்ளாடினாலோ, அந்த நீரை உடம்பு முழுவதும், குறிப்பாக அடிவயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் ஆகிய இடங்களில், நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே ஒருவர் ஃபேனையோ அட்டையையோ வைத்து வீசட்டும். முகத்தில் ஊற்ற வேண்டாம். இளம் நாயாக இருந்தால் தொட்டியில் அமிழ்த்தச் சொல்லியிருப்பேன். வயதும் மூச்சுச் சந்தேகமும் உள்ள பீமனுக்கு ஊற்றி வீசுவதே பாதுகாப்பு. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை அவனுக்கென்றே வாங்கி வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்து, 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் குளிர் அளவு மீறிப்போகும். பிறகு ஏ.சி. ஓடும் காரில், ஜன்னலைச் சற்றுத் திறந்து, நேராக மருத்துவமனைக்கு. வழியில் மருந்துக் கடையில் நிறுத்தி அவனைக் காருக்குள் பூட்டிவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி செல்சியஸ் ஏறும், ஜன்னலை இரண்டு விரல்கடை இறக்கி வைப்பதால் அது குறைவதும் இல்லை.

மருத்துவரிடம் நாள் குறிக்கும்போது காலை முதல் நேரத்தையே கேளுங்கள். பதினோரு மணிக்கு என்றால் மறுத்துவிடுங்கள், காத்திருக்கும் கூடத்தின் புழுக்கமும் மற்ற நாய்களைப் பார்த்த பரபரப்புமே அவனை மறுபடி விழச் செய்யக்கூடும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று இரவு, வீடு அடங்கிய பிறகு, அவன் படுத்து மூச்சு விடுவதையும், தண்ணீர் குடிப்பதையும், கேட் ஓசைக்குக் குரைப்பதையும் உங்கள் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய குரைப்பு ஏதாவது பழைய வீடியோவில் இருந்தால் அதையும் தேடி எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், மருத்துவர் குரல்வளையைப் பார்ப்பதற்கு முன்பே பாதி பதில் அவருக்குக் காதிலேயே கிடைத்துவிடும்.